ரத்தக்கட்டு மாத்திரையோடு சத்தியமங்கலத்துக்குச் சீர் செய்யப் போனேன்

நுரையீரல் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை செய்துகொண்டவர் பஸ்ஸில் வெளியூர் போகலாமா என்று பலர் கேட்கிறீர்கள். நான் போனேன். தொண்ணூறுகளின் நடுவில் ஒரு தை மாதம், காந்திபுரத்திலிருந்து சத்தியமங்கலத்துக்கு, தம்பி கல்யாணத்துக்கு. எங்கள் வழக்கத்தில் மாப்பிள்ளையின் உடன்பிறந்தவள் அவன் பக்கத்தில் உட்கார்ந்து இணைச்சீர் என்ற சடங்கைச் செய்தாக வேண்டும். அவனுக்கு நான் ஒரே அக்கா. ஆனால், "சீக்காளி எதுக்கு? பெரியப்பா மகளை உட்கார வைக்கலாம்" என்று சொந்தத்தில் பேச்சு ஓடியது. எனக்கு வந்ததே கோபம்!

அறுவைக்குப் பிறகு என் இடது காலில் ரத்தம் கட்டி வீங்கியிருந்தது. "புத்துநோய் வந்த ஒடம்புல ரத்தம் சீக்கிரம் கட்டிக்கும்ங்க. கட்டி நுரையீரலுக்குப் போனா உசுருக்கே ஆபத்து. இந்த மாத்திரை அதைத் தடுக்கும், புத்துநோயைக் கரைக்காது" என்றார் டாக்டர். கிளம்பும் முன் ரத்தப் பரிசோதனை சரியாக இருந்தது. ஒரே இடத்தில் நெடுநேரம் உட்காராதீர்கள் என்று சொல்லி அனுப்பினார். அது போதாதா?

காலை ஆறரை பஸ். சுமார் எழுபது கிலோமீட்டர், இரண்டு மணி நேரத்துக்கு மேல். அன்னூர் தாண்டியதும் எழுந்து நடந்தேன்.

"ஏனுங்க்கா, சீட்டு காலியாத்தானுங்களே கெடக்குது?" என்றார் கண்டக்டர்.

"உக்காந்தே வந்தா கால்ல ரத்தம் கட்டிக்கும்ங்க."

புளியம்பட்டியில் வண்டியை நிறுத்தி, "எறங்கி நல்லா நடங்க, நான் டீ குடிச்சுப்போட்டு வாரேன்" என்றார். நல்ல மனுஷன்.

கல்யாண வீட்டில் அத்தை என் இலையில் முருங்கைக்கீரையைக் குவித்தார். "ரத்தம் ஊறட்டும் கண்ணு. மூணு வேளையும் உனக்குன்னே ஆக்கச் சொல்லிப்போட்டேன்."

பாசம்தான். ஆனால் வழக்கமில்லாமல் திடீரென்று கீரையை அள்ளித் தின்றால் அந்த மாத்திரையின் வேலை குறைந்துவிடும். வேண்டாம் என்றேன்.

"கீரையே ஆவாதவ சீருல எப்படி அம்மணி உக்காருவே?"

பந்தியே திரும்பிப் பார்த்தது.

"ஊட்டுல படுத்துக்கவா அத்தை நான் பொழைச்சு வந்தேன்? சீரு நான்தானுங்க செய்வேன்!"

செய்தேன். கூரைச்சேலையின் ஒரு முனை தம்பியிடம், மறுமுனை என்னிடம். சேலை மறைவில் பாதத்தை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டே இருந்தேன். தம்பி குனிந்து, "அக்கா, காலு வலிக்குதா?" என்றான். "காலு கெடக்குது, நீ சேலையை உட்டுறாதே" என்றேன். அத்தை அழுதுகொண்டே அட்சதை போட்டார்.

போகிறவர்களுக்கு: டாக்டரைக் கேட்காமல் கிளம்பாதீர்கள். மாத்திரையைக் கைப்பையில் வையுங்கள், பெட்டியில் வேண்டாம். தலைவலி மாத்திரைகூட அவரைக் கேட்காமல் விழுங்காதீர்கள். கீரை, வீட்டில் தின்கிற அளவே. உங்கள் இடத்தில் வேறு ஆளை உட்கார வைக்கப் பார்த்தால், முதலில் போய் உட்கார்ந்துவிடுங்கள். காலை அப்புறம் ஆட்டிக்கொள்ளலாம்.