பதினாலாவது மாடி

எங்கள் டோபியின், அதாவது சலவை நிலையத்தின், அலுவலகச் சுவரில் ஒரு கண்ணாடிப் பட்டயம் மாட்டியிருக்கிறது. வேறெங்கும் வேலை கிடைக்காதவர்களுக்கு வேலை கொடுத்த நிறுவனம் என்று பாராட்டி, மாநிலத்து வணிகர் சங்கம் ஒன்று கொடுத்தது. வருகிறவர்கள் அதைப் படித்துவிட்டு முதலாளியின் கையைக் குலுக்குவார்கள். அந்த நேரத்தில் நான் கம்ப்யூட்டரில் எதையாவது தட்டிக்கொண்டிருப்பேன். அந்தப் பரிசுக்கு விண்ணப்பம் எழுதியவள் நான்தான். நன்றாக எழுதிவிட்டோம் என்று எனக்கே என்மேல் ஒரு பெருமை இருந்தது. அந்தப் பெருமை எத்தனை நாள் நின்றது என்பதைத்தான் சொல்ல வருகிறேன்.

செங் தொழிற்பேட்டையில் கடைசி வரிசையில் இருக்கிறது டோபி. மலாக்கா ஹோட்டல்களின் படுக்கை விரிப்புகளும் தலையணை உறைகளும் துண்டுகளும் எங்களிடம்தான் வெளுக்க வரும். அக்கம்பக்கத்துக் கிலாங்குகளில், அந்தத் தொழிற்சாலைகளில், இரும்பும் எண்ணெயும் மணக்கும். எங்களிடம் சோப்பும் சூடான பருத்தியும் மணக்கும். காலையில் இயந்திரங்கள் சூடேறியதும் நீராவி எழுந்து தகரக் கூரைக்குக் கீழே தங்கிவிடும். அதற்குள் விரிப்புகள் வெள்ளை வெள்ளையாக நகர்ந்துகொண்டிருக்கும். அவற்றைப் பிடித்திருக்கும் ஆட்கள் பாதிதான் தெரிவார்கள். பதினோரு வருஷமாக அங்கே வேலை பார்க்கிறேன். இன்றைக்கும் சில காலைகளில் உள்ளே நுழையும்போது, நான் எழுந்து வந்துவிட்டேனா, இன்னும் தூங்கிக்கொண்டிருக்கிறேனா என்று சந்தேகமாக இருக்கும்.

முதலாளி முன்பு லாரி ஓட்டியவர். மற்ற இடங்களில் ‘கூப்பிடுறோம்’ என்று சொல்லி அனுப்பிவிடுகிற ஆட்களை அவர் எடுத்துக்கொள்வார். காது கேளாத இரண்டு பேர், ஒரு கால் இல்லாத ஒருவர், சிறையிலிருந்து வந்த பெண்கள் நாலைந்து பேர். இவர்களிடம் ‘இதுக்கு முன்னாடி என்ன செஞ்சே’ என்று யாரும் கேட்கக் கூடாது. எங்கள் டோபியின் ஒரே சட்டம் அது. எங்கும் எழுதி ஒட்டியதில்லை. கேட்டவரை முதலாளி ஒரு பார்வை பார்ப்பார், அத்தோடு சரி.

அப்படி வந்தவர்களில் ஒருத்தியை நாங்கள் பதினாலாவது மாடி என்றே கூப்பிட்டோம். நாற்பதைத் தாண்டியவள். என்னைவிட ஐந்தாறு வயது சின்னவள். விரிப்பை மடிக்க இரண்டு பேர் வேண்டும். ஆளுக்கு இரண்டு முனையைப் பிடித்து, உதறி, நடந்து வந்து முனைகளைச் சேர்த்து, மறுபடி விலக வேண்டும். ஆள் குறைவான நாட்களில் நானும் போய் நிற்பேன். அவளோடு மடிக்கத்தான் எல்லாருக்கும் ஆசை, ஏனென்றால் அவள் சிங்கப்பூர்க் கதை சொல்லுவாள். அங்கே பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில், பதினாலாவது மாடியில், துப்புரவு வேலை பார்த்த கதை. கிட்டே வரும்போது பேசுவாள், விலகும்போது நிறுத்துவாள். ஒரு கதை முடிய இருபது விரிப்பாவது ஆகும்.

அந்த மாடியில் ஒரு நீளமான ஜன்னல். ஜன்னலுக்கு வெளியே கடல். கடலில் கப்பல்கள் அசையாமல் நிற்கும். சாயங்காலமானால் ஒவ்வொன்றாக விளக்குப் போட்டுக்கொள்ளும். மழை தூரத்தில் தொடங்கித் தண்ணீர்மேல் நடந்து வந்து கண்ணாடியைத் தட்டும். கட்டிலில் கிடந்த ஒரு சீனக் கிழவர் தினமும் கப்பல்களை எண்ணுவாராம். ஒன்று குறைந்தால் இவளைக் கூப்பிட்டு, எங்கே போனது என்று விசாரிப்பாராம். அவரைத் திருப்திப்படுத்த இவள் ஒவ்வொரு கப்பலுக்கும் ஓர் ஊர் சொல்லி அனுப்புவாளாம். கேட்டுக்கொண்டே மடிப்போம். வெளியே மத்தியான வெயில் தார்ச்சாலையை உருக்கிக்கொண்டிருக்கும், எங்களுக்கு மட்டும் கடற்காற்று வரும்.

அவள் சிங்கப்பூருக்குப் போனதே இல்லை. அவளுடைய கோப்பு என்னிடம்தான் இருந்தது, அதனால் எனக்குத் தெரியும். அங்கே இருந்ததாகச் சொன்ன நான்கு வருஷமும் அவள் சிறையில் இருந்தாள். வீட்டில் ஒரு போதைப்பொருள் பொட்டலம் இருந்திருக்கிறது. வைத்தவன் புருஷன், போலீஸ் வந்தபோது கதவைத் திறந்தவள் இவள். அவன் ஓடிவிட்டான். ஆறு வயது மகளை அலோர் காஜாவில் இருந்த தங்கை கூட்டிப் போய், ‘அம்மா சிங்கப்பூருக்கு வேலைக்குப் போயிருக்காங்க’ என்று சொல்லி வளர்த்தாள். திரும்பி வந்த அம்மா அந்த வார்த்தையைக் காப்பாற்ற வேண்டியதாயிற்று. மகள் கேட்கக் கேட்க ஆஸ்பத்திரிக்கு மாடி வந்தது, மாடிக்கு ஜன்னல் வந்தது, ஜன்னலுக்குக் கடல் வந்தது. எல்லாம் தெரிந்தும் நான் வாயைப் பிளந்துகொண்டுதான் கேட்டேன். பிறகு இரண்டு முறை சிங்கப்பூர் போனபோது, கடல் தெரிகிற ஆஸ்பத்திரி எது என்று அண்ணாந்து பார்த்துக்கொண்டே நடந்தேன். கழுத்து வலித்ததுதான் மிச்சம்.

வணிகர் சங்கத்தின் விண்ணப்பப் படிவம் வந்தபோது, ‘உங்களால் வாழ்வு பெற்ற ஒருவரின் கதையை எழுதுக’ என்று அதில் ஒரு பகுதி இருந்தது. முதலாளி அதை என் மேசையில் வைத்தார்.

“நீயே பாத்து எழுதிடும்மா. பரிசு கெடக்கு. இதப் பாத்து இன்னும் நாலு கம்பெனி இந்த மாதிரி ஆளுங்கள எடுத்தா போதும்லா.”

நான் அவளிடம் போய்க் கேட்டேன். தலையணை உறைகளை அடுக்கிக்கொண்டிருந்தவள் நிமிராமலே சொன்னாள்: “எழுதுங்கக்கா. பேரு மட்டும் போடாதீங்க. என் மகளுக்குத் தெரியக் கூடாது. வேற ஒண்ணும் எனக்குப் பயமில்ல.”

“போட மாட்டேன்,” என்றேன். போடவும் இல்லை. மற்றதை எல்லாம் ஆசை ஆசையாக எழுதினேன். செர்காம் பக்கத்தில் அவள் பிறந்த எஸ்டேட், அங்கே மாரியம்மன் கோவில் தீமிதிக்கு மேளம் அடித்த அவள் அப்பா, சிறை, சிறைக்குப் பிறகு எங்கள் டோபி. படித்துப் பார்த்தபோது எனக்கே கண் கலங்கியது. தேர்வுக் குழுவுக்கும் கலங்கியிருக்க வேண்டும். பரிசு எங்களுக்கே என்று கடிதம் வந்துவிட்டது.

விழா சனிக்கிழமை. புதன்கிழமை காலை, நான் எழுதியதும் அச்சாகியிருந்த விழா மலர்ப் புத்தகங்கள் ஒரு பெட்டியில் வந்தன. எங்கள் லாரி டிரைவர் ஒன்றை எடுத்து, என் மேசையில் சாய்ந்துகொண்டு படித்தார்.

“இது நம்ம பதினாலாவது மாடிதானே?”

“பேரே போடலையே. எப்படித் தெரியும்?”

“இந்த எஸ்டேட்டுன்னு போட்டிருக்கீங்க. மேளம் அடிச்சவரு மகள்னு போட்டிருக்கீங்க. அங்க மேளம் அடிச்சவரு ஒருத்தருதான்லா. ரெண்டு பொண்ணு. சின்னது அலோர் காஜாவுல இருக்கு.”

சொல்லிவிட்டு அவர் சாவியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். நான் உட்கார்ந்தே இருந்தேன். இந்த ஊரில் நாம் யாரும் முதலில் பெயர் கேட்பதில்லை. ‘எந்த எஸ்டேட்டு?’ என்றுதான் கேட்கிறோம். அந்த எஸ்டேட் வீடமைப்புப் பகுதியாகிப் பல வருஷம் ஆகியிருந்தாலும் அதுதான் கேள்வி. அதோடு கோவிலையோ அப்பாவின் வேலையையோ சொல்லிவிட்டால், அடுத்த நிமிஷம் யாராவது ஒரு சொந்தத்தைக் கண்டுபிடித்துவிடுவார்கள். கல்யாணப் பந்திகளில் நானே அப்படி எத்தனையோ பேரைத் துருவிக் கண்டுபிடித்திருக்கிறேன். நம்மவளாக இல்லாத ஒருத்தி எழுதியிருந்தால் எஸ்டேட் பெயர் வந்தே இருக்காது. நான் அதை முதல் வரியில் போட்டு, பெயரை விட்டுவிட்டதாகத் திருப்திப்பட்டிருக்கிறேன். என்மேல் எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை.

அதைவிடப் பெரிய இடி, புத்தகம் சங்கத்தின் எல்லா உறுப்பினர் கம்பெனிகளுக்கும் தபாலில் போயிருந்தது. அவளுடைய மகளுக்கு இப்போது இருபது வயது. பாயா ரும்புட்டில் அப்படி ஒரு கம்பெனியில்தான் முன் மேசையில் வேலை. வருகிற தபாலைப் பிரிப்பதே அவள்தான்.

சாப்பாட்டு நேரத்தில் முதலாளியையும் கூட்டிக்கொண்டு அவளிடம் போனேன். நடந்ததைச் சொன்னேன். அவள் கையில் இருந்த தலையணை உறையை நான்காக மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள்.

“ஊரு பேரப் போட்டுட்டு ஆளு பேர எடுத்து என்னக்கா புண்ணியம்?” என்றாள். கத்தியிருந்தால் தாங்கிக்கொண்டிருப்பேன்.

“பரிசு வேணாம்னு சொல்லிடவா?” என்று முதலாளி கேட்டார்.

“புக்கு போயிடுச்சே பாஸ். நீங்க வாங்குங்க. எனக்குப் பின்னாடி வர்றவளுக்கு ஆவும்.” பிறகு என்னைப் பார்த்தாள். “என்ன எழுதியிருக்கீங்கன்னு படிங்க.”

படித்தேன். கண் கலங்க எழுதிய அதே வரிகள் என் வாயில் ஒட்டவே இல்லை. ‘அவருக்கு ஒரு வாய்ப்பு வழங்கப்பட்டது’ என்று வந்த இடத்தில் கை காட்டி நிறுத்தினாள்.

“யாரும் வழங்கல. நான் வந்து கேட்டேன். அதுக்கு முன்னாடி எட்டு எடத்துல கேட்டேன். உள்ளேருந்து வந்தவள்னு மறைக்காம சொல்லித்தான் கேட்டேன். பொய்யி மகளுக்காக மட்டும்தான். நான் கேட்டத எழுதலையே நீங்க.”

முதலாளி தலையைக் குனிந்துகொண்டார். சனிக்கிழமை மேடையில் அவர் அதைத்தான் சொன்னார்: நாங்கள் கொடுக்கவில்லை, அவர்கள் வந்து கேட்டார்கள். ஆனால் அது பிறகு. அன்றைக்கு அவளுக்கு இருந்தது ஒரே ஒரு சாயங்காலம். தபால் மறுநாளே பாயா ரும்புட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிடலாம். மகள் அதை ஆபீஸில், மற்றவர்களுக்கு நடுவில், தானே படித்துவிடக் கூடாது.

“கூட வாங்கக்கா. என்னால ஆரம்பிக்க முடியாது,” என்றாள்.

வேலை முடிந்து, தாயும் மகளும் இருந்த வீட்டுக்கு என் காரில் போனோம். சாலையோரத்துச் செம்பனைகள் வெயில் தாழ்ந்த வெளிச்சத்தில் வரிசை வரிசையாகப் பின்னால் போய்க்கொண்டிருந்தன. சீட்டில் அவள் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தால், எங்கள் இயந்திரத்திலிருந்து எழுந்த நீராவி அவளோடு வந்து காருக்குள் இருப்பது போலத் தோன்றியது. இப்படியே ஓட்டிக்கொண்டே போனால் என்ன, ஜோகூரைத் தாண்டி, பாலத்தைத் தாண்டி, உண்மையாகவே ஒரு பதினாலாவது மாடியைத் தேடிப் பிடித்து இவளை அங்கே ஏற்றிவிட்டு வந்தால் என்ன என்றெல்லாம் நினைத்தேன். அதற்குள் வீடு வந்துவிட்டது.

மகள் அப்போதுதான் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கியிருந்தாள். “வாங்க ஆண்ட்டி,” என்று சிரித்தாள். அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தாள். நான் ஆரம்பிக்க வாயெடுத்தேன். தேவைப்படவில்லை.

“நான் சிங்கப்பூரு போனதில்லம்மா,” என்றாள் தாய். பிறகு பொட்டலம், கதவு, நான்கு வருஷம் எல்லாவற்றையும் சொன்னாள். ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. அத்தனை வருஷம் இருபது விரிப்புக்கு நீளும் கதைகளைச் சொன்னவளிடம் உண்மை அவ்வளவு சின்னதாக இருந்தது.

மகள் அழவில்லை. ஹெல்மெட்டின் வாரை இழுத்து இழுத்து விட்டாள்.

“நான் ஸ்கூல்ல கட்டுரை எழுதியிருக்கேன். எங்கம்மா வேலை செஞ்ச மாடின்னு. டீச்சர் எல்லாருக்கும் படிச்சுக் காட்டுனாங்க.” வாரைக் கையில் சுற்றிக்கொண்டாள். “எனக்கு ரொம்பக் கோவமா இருக்கு.”

“இருக்கட்டும்,” என்றாள் தாய்.

“ஆண்ட்டி, உங்களுக்குத் தெரியுமா?”

“தெரியும்மா.”

“தெரிஞ்சும் கேட்டுக்கிட்டு இருந்தீங்களா?”

“ஆமா.” வெட்கமாக இருந்தது.

பக்கத்து வீட்டில் யாரோ மிளகாய் தாளித்தார்கள். மூன்று பேருமே இருமினோம்.

“அப்ப அந்தக் கப்பலு?” என்று மகள் கேட்டாள்.

“செர்காம் கடல்ல பாத்ததுதான். சின்ன வயசுல, எங்கப்பாகூடப் போறப்ப. உள்ள இருந்தப்ப அத அப்படியே மேல தூக்கி வெச்சுக்கிட்டேன்.”

“கப்பல எண்ணுன தாத்தா?”

“அது அங்க எம்பக்கத்துல படுத்திருந்த ஒரு வயசான அம்மா. அவங்க எண்ணுனது நாள.”

மகள் முகத்தை மூடிக்கொண்டாள். எழுந்து உள்ளே போய்விடுவாள் என்று நினைத்தேன். போகட்டும் என்றுதான் தாயும் நினைத்திருப்பாள், அவள் கையை நீட்டவே இல்லை. ஆனால் மகள் கையை எடுத்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, தாயைப் பார்த்தாள்.

“அங்க ஒனக்கு ஜன்னலு இருந்திச்சாம்மா?”

“இருந்திச்சு. சின்னதா, ஒசரத்துல. எட்டிப் பாக்க முடியாது. ஆகாசம் மட்டும் ஒரு துண்டு தெரியும்.”

மகள் ஹெல்மெட்டைத் தரையில் இறக்கி வைத்துவிட்டு, வந்து தாயின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“அதச் சொல்லு,” என்றாள்.