பதினோராவது பிக்கப்

ஒரத்தநாட்டில் பட்டுக்கோட்டை சாலையோரம் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கும் பாத்திமா மேரிக்குக் கிதார் வாசிக்கத் தெரியாது. ஆனாலும் ஐந்து வருடங்களுக்கு முன் கிதார் பிக்கப் செய்வதில் இறங்கினாள். காரணம் லியோ. பங்குக் கோயில் பாடகர் குழுவில் எலெக்ட்ரிக் கிதார் வாசிப்பவன்; அவளைவிட எட்டு வயது இளையவன்; அவள் மகளுக்கு ஞானஸ்நானத்தில் நின்ற ஞானத்தகப்பன். ஒரு நாள் தன் கிதாரிலிருந்து நீளமான தீப்பெட்டி மாதிரி ஒன்றைக் கழற்றிக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தான். தந்திக்கு அடியில் இருந்து அதன் அதிர்வை மின்சாரமாக்கி ஸ்பீக்கருக்கு அனுப்புவது இதுதான், இப்போது ஊமையாகிவிட்டது என்றான்.

மேரி பிரித்துப் பார்த்தாள். ஆறு தந்திக்கு ஆறு காந்தக் குச்சிகள். அவற்றைச் சுற்றித் தலைமுடியைவிட மெல்லிய செம்புக் கம்பி, ஏழாயிரத்துச் சொச்சம் சுற்று. போர்வெல் மோட்டாரையே பிரித்துக் கட்டுகிறவளுக்கு அதில் புரியாதது ஒன்றுமில்லை. தையல் மிஷின் மோட்டாரை வைத்து ஒரு சுற்றுக் கருவி செய்தாள். நான்கு முறை கம்பி அறுந்தது. ஐந்தாம் முறை கட்டி முடித்தாள்.

கிதார் பாடியது. மேரிக்கு அத்தோடு விட மனமில்லை. காயிலைத் தொடாமல் காந்தத்தை மட்டும் மாற்றினால் சத்தம் மாறுமா என்று கேட்டாள். லியோவுக்கும் தெரியவில்லை. காந்தத்தை உருவி மாற்றுவதற்குத் தோதாக ஒரு பிளாஸ்டிக் கூட்டில் காயில் சுற்றினாள். ஞாயிறு பூசை முடிந்ததும் இருவரும் கடையில் உட்கார்ந்துவிடுவார்கள். அவள் மாற்றுவாள், அவன் வாசிப்பான், வாசித்துவிட்டுச் சொல்வதை அவள் எழுதிக்கொள்வாள். பழைய ஸ்பீக்கரின் கருப்புக் காந்தம் காதில் கீறியது. கம்ப்யூட்டர் டிஸ்க்கிலிருந்து எடுத்த சின்னக் காந்தம் தந்தியையே இழுத்துப் பிடித்துச் சுருதியைக் குலைத்தது. பிறகு தபாலில் அல்நிகோ என்ற உலோகக் கலவைக் காந்தங்கள் இரண்டு ரகம் வாங்கினாள். அதில் ஐந்தாம் எண் கணீரென்று பேசியது. இரண்டாம் எண் குழைந்து பேசியது. ஒவ்வொன்றும் எத்தனை இரும்பு வாஷரைத் தூக்குகிறது என்று எண்ணி, பலத்தையும் குறித்துவைத்தாள்.

எட்டு மாதத்தில் பத்து விதம் பார்த்தாகிவிட்டது. பதினோராவது முழுக்க அவள் யோசனை. தடித்த மூன்று தந்திக்கு அல்நிகோ ஐந்து, மெல்லிய மூன்றுக்கு அல்நிகோ இரண்டு. அந்த மெல்லியவற்றில் எப்போதும் துருத்திக்கொண்டு கேட்கும் மூன்றாம் தந்தியின் காந்தத்தை மட்டும் வேறொரு காந்தத்தால் தேய்த்துப் பலம் குறைத்தாள். லியோ வாசித்தபோது அவளுக்கு உடம்பு சிலிர்த்தது. அவன் தலையைச் சாய்த்து மறுபடி வாசித்தான். பிறகு கிதாரைக் கீழே வைத்தான்.

"இது சேராதுக்கா. மேல ஒரு சத்தம், கீழ ஒரு சத்தம். ரெண்டு பேரு ஒரே நேரத்துல பேசற மாதிரி இருக்கு."

வாசிக்கிறவனுக்குத் தெரியாதது தனக்கென்ன தெரியப்போகிறது என்று மேரி அதை எழுதிக்கொண்டாள். தான் சிலிர்த்ததை எழுதவில்லை. பிளாஸ்டிக் கூடு எதற்காவது ஆகும் என்று அந்தப் பிக்கப்பை லியோ கேட்டான், கொடுத்துவிட்டாள். அதன்பின் அவனுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் வேலை வந்துகொண்டே இருந்தது. மறு வருடம் சென்னைக்குப் போய்விட்டான்.

போன மார்கழியில், தஞ்சாவூரில் மெல்லிசைக் குழுவில் வாசிக்கும் ஜெக்கரியா கிதாரோடு வந்தான். காயில் கட்டுகிற அக்கா என்று யாரோ வழி சொன்னார்களாம். பிக்கப்பில் கம்பி விட்டுப்போயிருந்தது. சென்னையில் லியோ என்று ஒருவர் செய்வது என்றான். மேரிக்கு முதலில் சந்தோஷம்தான். தம்பி இதை விடாமல் செய்கிறானே என்று நினைத்தபடி கழற்றினாள். காயில் வேறு யாரோ கட்டியது, சுற்று தளர்ந்திருந்தது. பழக்கத்தில் வாஷரை எடுத்து, மெல்லிய தந்தியின் காந்தத்திலிருந்து தொடங்கி வைத்து எண்ணினாள். ஐந்து, ஐந்து, மூன்று, எட்டு, எட்டு, எட்டு. நோட்டை எடுத்துப் பார்க்க வேண்டிய தேவையே இருக்கவில்லை. அது அவளுடைய பதினோராவது.

விட்டுப்போன முனையைப் பற்றவைத்துக் கொடுத்தாள். ஜெக்கரியா தன் சின்ன ஆம்ப்ளிஃபயரில் சொருகி வாசித்தான். அன்று கேட்ட அதே சத்தம்.

"இதுல மேல ஒரு சத்தம், கீழ ஒரு சத்தமா கேக்குதா, தம்பி?"

"இல்லக்கா. ஆறு தந்தியும் ஒண்ணா சேர்ந்து வர்றதுக்காகத்தான் மூணு மாசம் காத்திருந்து வாங்கினேன்."

அவன் போனபிறகு லியோவுக்குப் போன் செய்தாள். அவன் முதலில் எதைச் சொல்கிறீர்கள் என்று கேட்டான். அவள் ஆறு எண்களையும் வரிசையாகச் சொன்னாள். காந்தம் எல்லாருக்கும் பொதுதானே என்றான்.

"காதால கேட்டு இது நல்லாயிருக்குன்னு கண்டுபிடிச்சது நான்தானேக்கா."

"நல்லாயிருக்குன்னு நீ எங்கிட்ட சொல்லலையே, லியோ."

அவள் பெயரையும் எங்காவது போடுவதாக ஏதோ சொல்ல ஆரம்பித்தான். மேரி போனை வைத்துவிட்டாள்.

விஷயம் கேட்டு அவள் கணவர் சவரிராஜ் கொதித்துப்போனார். பங்குச் சாமியாரிடம் சொல்லலாம், நேரே சென்னைக்கே போய்க் கேட்கலாம் என்றார். மேரிக்கு அதில் மனம் போகவில்லை. யோசனையை எடுத்துக்கொண்டதைக்கூட அவளால் தாங்கிக்கொள்ள முடிந்தது. 'அக்கா, இது அருமையா இருக்கு, நான் சென்னையில வித்துக்கறேன்' என்று கேட்டிருந்தால் சிரித்துக்கொண்டே கட்டிக் கொடுத்திருப்பாள். அவளுக்குக் காது அவன்தான் என்று தெரிந்தே அந்தக் காதால் பொய் சொன்னானே, அதுதான் ஆறவில்லை. மற்ற பத்தில் எது மெய், எது பொய் என்பதும் இனித் தெரியப்போவதில்லை. எட்டு மாத ஞாயிற்றுக்கிழமைகளையும் ஒன்றொன்றாக நினைத்துப் பார்த்தாள். அவன் முகம் எந்த நாளும் ஒன்றுபோலத்தான் இருந்திருக்கிறது.

இப்போதும் அவள் பிக்கப் கட்டுகிறாள். ஜெக்கரியா சொல்லித் தஞ்சாவூரிலிருந்து இரண்டு மூன்று பேர் வருகிறார்கள். ஒருவரையொருவர் அறியாத மூன்று பேரிடம் தனித்தனியாக வாசிக்கக் கொடுத்துத்தான் எதையும் முடிவு செய்கிறாள். மூவரும் நன்றாயிருக்கிறது என்றாலும் அவளுக்கு மனம் நிறைவதில்லை.

இந்த ஈஸ்டருக்கு ஊருக்கு வந்த லியோ, கடைக்குப் பின்னாலுள்ள மேரியின் வீட்டுக்கும் வந்தான். மகளுக்கு ஒரு பாவாடை தாவணி வாங்கி வந்திருந்தான். அதை வாங்கிக்கொள்ள வேண்டாம் என்று மேரி மகளிடம் சொல்லவில்லை. காபி போட்டுக் கொடுத்தாள். அவன் டம்ளரைக் கையிலேயே வைத்துக்கொண்டு, "எங்கூடப் பேச மாட்டீங்களா?" என்று கேட்டான். அந்த நேரம் கடை வாசலில் ஒரு குட்டி யானை வண்டி வந்து நின்றது. கோடை நெல் கதிர் வாங்குகிற சமயத்தில் யாருக்கோ மோட்டார் புகைந்துவிட்டது. "காபி ஆறிடப்போவுது, குடி" என்று சொல்லிவிட்டு மேரி கடைக்குப் போனாள். புகைந்த காயிலை வெட்டி எடுத்துப் புதிது கட்டி முடிக்க மாலையாகிவிட்டது. திரும்பி வந்தபோது லியோ கிளம்பிப் போயிருந்தான். மகள் புதுத் தாவணியைக் கட்டிக்கொண்டு, எப்படி இருக்கிறது என்று அம்மாவிடம் கேட்டாள். நன்றாயிருக்கிறது என்றாள் மேரி.