வண்டூருக்கு நான் எழுதிய சைபர்

சென்ற வாரம் பத்துபஸ்தியில் எங்கள் தெருமுனைக் கிளினிக்கில் இருமலோடு உட்கார்ந்திருந்தேன். எதிர்ச்சுவரில் நாட்டின் வரைபடம். எந்த மாநிலத்தில் இந்த வாரம் ஃபுளூ எவ்வளவு என்று நிறம் பிரித்திருந்தார்கள். சிவப்பு அதிகம், மஞ்சள் நடுத்தரம், பச்சை குறைவு. வலது ஓரத்தில் நம் தீவுகள் சாம்பல் நிறத்தில் கிடந்தன. அதற்கு என்ன அர்த்தம் என்று நர்ஸிடம் கேட்டேன்.

“ரிப்போர்ட் வரலன்னு அர்த்தம் அங்கிள். இங்க எத்தன பேருன்னு அவங்களுக்குத் தெரியாது.”

தெரியாது என்பதற்கு ஒரு நிறம். நல்ல ஏற்பாடுதான். நான் இதே கணக்கு எழுதும் வேலை பார்த்த காலத்தில் எங்களிடம் அப்படி எதுவும் இல்லை.

அறுபதுகளின் நடுவில், அபர்டீன் பஜாருக்கு மேலே ஏறும் சரிவில், தகரக் கூரை போட்ட ஒரு சுகாதார அலுவலகத்தில் நான் தற்காலிக குமாஸ்தா. மழை வலுத்தால் ஒருவர் பேசுவது அடுத்தவருக்குக் கேட்காது. அது எங்களுக்கு வசதியாகவே இருந்தது, ஏனென்றால் ஹெட் கிளார்க் வேதமூர்த்தியோடு பேச யாருக்கும் விருப்பமில்லை. கும்பகோணத்திலிருந்து கடல் தாண்டி மாற்றலாகி வந்தவர். தீவையும், தீவில் இருப்பவர்களையும், தன்னை இங்கே அனுப்பியவர்களையும் ஒரே அளவில் வெறுத்தார். பாரபட்சம் பார்க்காத மனிதர் என்று வேண்டுமானால் சொல்லலாம்.

ஃபுளூ எங்களுக்குக் கப்பலில்தான் வந்தது. மெட்ராஸ் கப்பல் ஜெட்டியில் கட்டிய மூன்றாம் நாள் பஜார் இருமும். அடுத்த வாரம் கிராமங்கள் இருமும். இந்தியும் தமிழும் கலந்து அதற்கு ‘ஜஹாஜ் சளி’ என்று பெயர். ஜஹாஜ் என்றால் கப்பல். புதிதாக இறங்கியவனுக்கு டீக்கடையில் விளிம்பு உடைந்த தனிக் கிளாஸ். ஒரு வாரத்துக்கு அதுதான். நானும் அதில் குடித்தவன். “மூஞ்சிய அந்தப் பக்கம் திருப்பிக்கிட்டு குடி பாய்” என்று இந்தியும் தமிழுமாக விரட்டிய கடைக்காரர் எனக்கு இரண்டே வருஷம் முன்னால் கப்பலிலிருந்து இறங்கியவர்.

என் வேலை இதுதான். ஒவ்வொரு குடியேற்றக் கிராமத்து டிஸ்பென்சரியிலிருந்தும் சனிக்கிழமை மதியத்துக்குள் ஒரு சீட்டு வரும்: இந்த வாரம் இருமலோடு காய்ச்சல் இத்தனை பேருக்கு. அதை ஊர்வாரியாக ரெஜிஸ்டரில் ஏற்றி, கூட்டி, டெல்லிக்குத் தந்தி கொடுக்க வேண்டும். டாக்டரின் ஜீப்பும் மிக்சர் மருந்துப் புட்டிகளும் அந்த ரெஜிஸ்டரைப் பார்த்துத்தான் புறப்படும். சீட்டு வராத ஊருக்கு என்ன எழுதுவது என்று முதல் வாரமே கேட்டேன்.

“சைபர் போடும்” என்றார் வேதமூர்த்தி.

“சைபர்னா அங்க யாருக்கும் ஒண்ணுமில்லன்னு ஆயிடாதா சார்?”

“கட்டம் காலியா இருந்தா டெல்லிக்காரன் ஏன்னு கேப்பான். சைபர் போட்டா கேக்கமாட்டான். அவனுக்குப் பதில் எழுத உமக்கு வருமா? வராதோல்லியோ? போடும்.”

போட்டேன். என் சைபர்கள் உருண்டையாக, காம்பஸ் வைத்து வரைந்த மாதிரி இருக்கும். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

ஒரு வருஷம் மழை தொடங்கியதும் வந்த கப்பலுக்குப் பிறகு பஜாரில் பாதிக் கடை பந்த். வண்டூரிலிருந்து சீட்டு வரவில்லை. சைபர். அடுத்த வாரமும் வரவில்லை. சைபர். ஜீப் இரண்டு வாரமும் வேறு ஊர்களுக்குப் போயிற்று. வண்டூர்க் கம்பவுண்டர் பேச்சிமுத்து அதுவரை ஒரு சீட்டுகூடத் தவறவிட்டதில்லை. அது எனக்குத் தெரியும். தெரிந்தும் நான் யோசிக்கவில்லை.

மூன்றாம் வாரம் அவர் மரலாரியில் வந்து இறங்கினார். தூத்துக்குடிக்காரர், பருத்த ஆள். அன்று சட்டை தோளிலிருந்து தொங்கியது. வாசலில் நின்று இருமி முடித்துவிட்டு உள்ளே வந்தார்.

“ஜீப்பு ஏன் வரல?”

வேதமூர்த்தி ரெஜிஸ்டரைத் திருப்பிக் காட்டினார். “உங்க ஊர்லதான் யாருக்கும் ஒண்ணுமில்லையே.”

பேச்சிமுத்து குனிந்து பார்த்தார். “இத யாருவே எழுதுனது?”

வேதமூர்த்தி பேனாவால் என்னைக் காட்டினார்.

“நான் விழுந்து கெடந்தேன். சீட்டு எழுத வேற நாதியில்ல. ஊரே இருமிக்கிட்டு கெடக்கு. அடுத்த வீட்டுக் கைப்பிள்ள போயிட்டு. நீரு இங்க முட்ட போட்டுக்கிட்டு இருக்கீரு. அடியும்வே அத. அடிச்சிட்டு எழுதும்.”

“போன தந்தி போனதுதான்” என்றார் வேதமூர்த்தி. “இப்ப அடிச்சா, ரெண்டு வாரம் பொய் எழுதினோம்னு நாமே கையெழுத்துப் போட்ட மாதிரி.”

“பொய்தானவே எழுதுனீரு!”

பேனா என் கையில் இருந்தது. வேலை நிரந்தரமாவதற்கு இன்னும் சில வாரங்களே பாக்கி. “இந்த வாரத்துல மொத்தமா சேத்துக்கலாம் அண்ணாச்சி” என்றேன்.

அப்படியே சேர்த்தேன். ஒரே வாரத்தில் வண்டூர் முழுக்க இருமியது போல ரெஜிஸ்டர் சொன்னது. டெல்லி விழித்துக்கொண்டு விளக்கம் கேட்டது. வேதமூர்த்தி சொல்லச் சொல்ல நான் டைப் அடித்தேன்: கம்பவுண்டர் கடமை தவறினார், உரிய காலத்தில் தகவல் தரவில்லை. ஒரு எழுத்துப் பிழை இல்லை. என் வேலை நிரந்தரமாயிற்று. பேச்சிமுத்துவை வடக்கே மாயாபந்தருக்குத் தூக்கிப்போட்டார்கள்.

அவர் புறப்பட்ட காலையில் ஏதோ சொல்லலாம் என்று ஜெட்டிக்குப் போனேன். டிரங்குப் பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தார். அவர் மனைவி என்னைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“வாரும் குமாஸ்தா பாபு. ஆளு ஏறிட்டானான்னு பாத்து எழுத வந்தீராக்கும்?”

பிறகு அவரே கேட்டார்.

“வண்டூருக்கு அடுத்து யாரு வாரா?”

“இன்னும் யாரையும் போடல அண்ணாச்சி.”

“அப்ப ஒமக்கு வேல சுளுவு.”

சுளுவாகத்தான் இருந்தது. ஐந்து மாதம் வண்டூரில் கம்பவுண்டர் இல்லை. ஐந்து மாதமும் சனிக்கிழமை தவறாமல் சைபர் போட்டேன்.

இப்போது அந்தச் சரிவில் செல்போன் கடை இருக்கிறது. ரெஜிஸ்டர்களைக் கறையான் தின்றது போக மிச்சத்தை எரித்துவிட்டார்கள். நாளுக்குப் பல விமானம் இறங்குகிறது, இருமல் எதில் வந்தது என்று யாரும் கேட்பதில்லை. வேதமூர்த்தி இல்லை, பேச்சிமுத்துவும் இல்லை. நான் சைபர் எழுதிய வாரத்தில் வண்டூரில் ஒரு குழந்தை செத்தது என்பது தெரிந்தவன் இன்று நான் ஒருவன்தான். அது ஆணா பெண்ணா என்றுகூட நான் அன்று கேட்கவில்லை.