ராமக்காளின் பிலிம் பேட்ஜ்

ராமக்காள் எக்ஸ்ரே அறையில் கதிரைத் தடுக்கும் ஈய அங்கியை ஈரத்துணியால் அழுத்தித் துடைத்துக்கொண்டிருந்தாள். பம்பாயிலிருந்து வந்த கடிதத்தோடு டாக்டர் உள்ளே வந்தார்.

அது 1971. தருமபுரியில் ஓர் ஆஸ்பத்திரி. நான் தலைமை நர்ஸ். ராமக்காள் அதியமான்கோட்டையிலிருந்து வந்துபோகும் ஆயா. மூன்று வருடம் கக்கூஸ் கழுவினாள். அழுகிற குழந்தைகூட அவள் பிடித்தால் அசையாமல் இருந்ததால் எக்ஸ்ரே அறைக்கு மாற்றினோம்.

அங்கே வேலை செய்கிறவர்கள் உடையில் பிலிம் பேட்ஜ் குத்திக்கொள்ள வேண்டும் என்ற ஏற்பாடு வந்து நான்கு மாதம்தான் ஆகியிருந்தது. மாதக் கடைசியில் அது பம்பாயிலுள்ள ஆய்வுக்கூடத்துக்குப் போகும். உடம்பில் எவ்வளவு கதிர் பட்டது என்று அளந்து எழுதுவார்கள். ராமக்காளுக்கு அளவு மீறிவிட்டது, உடனே மாற்றுங்கள் என்றது கடிதம். மாற்றினால் மறுபடியும் கக்கூஸ்தான்.

மெஷினில் கதிர் கசிகிறதா என்று பார்க்க, நான்காம் நாள் சேலத்திலிருந்து ஒருவர் கதிர் அளக்கும் மீட்டரோடு வந்தார். எங்கள் மெஷின் கதிர் விடுவது கண் இமைக்கும் நேரம்தான். மீட்டரின் முள் எழும்புவதற்குள் நின்றுவிடும்.

"ஒண்ணுமே காட்டலீங்களே," என்றார்.

எக்ஸ்ரே படம் எடுக்கும் தஸ்தகீர் சிரித்தான். "அக்கா பேட்ஜை மெஷினுக்கடியில வச்சிட்டு வூட்டுக்குப் போயிருக்கும்."

"உன் புத்தியத்தான் நீ தெனமும் வூட்ல வச்சிட்டு வர்றே," என்றாள் ராமக்காள்.

டாக்டர் பழைய படங்களை வெளிச்சத்தில் பிடித்தார். குழந்தைகளின் நெஞ்சுப் படங்களில், கீழ் ஓரத்தில், சதுரமாக ஒரு வெள்ளை நிழல்.

"இது என்ன ராமக்கா?"

"என் பேட்ஜுங்க. புள்ளைங்க அரைஞாண் கயித்துல கட்டிவுடுவேனுங்க. எனக்கெதுக்குங்க காப்பு? தாயத்து மாதிரிதானுங்களே அது..." என்று என்னைப் பார்த்தாள்.

பேட்ஜ் வந்த முதல் நாள் அவள் குத்திக்கொள்ள மாட்டேன் என்றாள். வெளியே பன்னிரண்டு பேர் காத்திருந்தார்கள். விளக்க நேரமில்லாமல், தாயத்து மாதிரி, போட்டுக்கோ என்று சொன்னது நான்தான்.

"நான் சொன்னது இவளுக்குப் புரியல, டாக்டர்," என்றேன்.

"ஆமாங்க. என் மரமண்டைக்கு ஏறலீங்க," என்று அவள் தலை குனிந்தாள். மத்தியானமே துடைப்பத்தைக் கையில் கொடுத்துவிட்டார்கள். என் பெயரை அவள் எவரிடமும் சொல்லவில்லை. நான்கு மாதமாகப் பம்பாயில் அளந்தது குழந்தைகள் மேல் பட்ட கதிரை. அவர்களைப் பிடித்துக்கொண்டு நின்ற அவள் உடம்பில் எவ்வளவு ஏறியது என்று சொல்ல ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை.

மறுநாள் காலை ஏழு மணிக்கு, நான் சொன்ன பொய்யை எழுதிக் கையெழுத்துப் போட்டு டாக்டர் மேசையில் வைத்தேன். பம்பாய்க்கு ஒரு நகல். பிறகு கக்கூஸ் வாசலுக்குப் போய் ராமக்காளைக் கூட்டிவந்தேன். பேட்ஜைத் திறந்து பிலிமைக் காட்டினேன்.

"இது எதையும் தடுக்காது. எவ்வளவு பட்டதுன்னு காட்டும், அவ்வளவுதான். நான் சொன்னது பொய்."

"அப்ப அந்தப் புள்ளைங்களுக்கு?"

"காப்பு இல்ல."

முழங்கைக்கு மேல் ரப்பர் குழாயைக் கட்டி, கதிர் அவள் உடம்பைக் கெடுத்திருக்கிறதா என்று பார்க்க அவள் ரத்தம் எடுத்தேன்.