கொடிக்காரருக்கு விட்டுவைத்த சொல்

தண்டவாளத்தில் வேலை செய்த காலத்தில் எங்களிடம் ஒரு சொல் பூட்டிக் கிடந்தது. வண்டி. ஊரில் யார் வேண்டுமானாலும் அதைச் சொல்லலாம். தேக்காச் சந்தைப் பக்கம் கார், லாரி, கோழிக்கூண்டு ஏற்றிய சைக்கிள் எல்லாமே வண்டிதான். ஆனால் புக்கிட் தீமா பக்கம், இரண்டு மேடுகளுக்கு நடுவே வளைந்து போகும் ஒற்றைப் பாதையில், தண்டவாளத்தைத் தாங்கும் சிலிப்பர் கட்டைகளுக்கு அடியில் ஜல்லி இடித்துக்கொண்டிருந்த எங்கள் கூட்டத்தில், அதைச் சொல்லும் உரிமை ஒரே ஆளுக்கு. கொடிக்காரருக்கு. அவர் சொன்னால் ரயில் வருகிறது. கையில் இருப்பதோடு ஓரத்துக்குப் பாய வேண்டும். தலையைத் தூக்கிப் பார்ப்பதுகூடப் பிறகுதான்.

அதனால் மற்றவற்றுக்கெல்லாம் வேறு பெயர் வைத்தோம். மேலதிகாரி உட்கார்ந்து வரும் டிராலி 'மாப்பிள்ளை'. மேட்டுக்கு அந்தப் பக்கச் சாலையில் ஒரு சீனர் மணியடித்துத் தள்ளிவரும் ஐஸ் வண்டி 'மாமியார்'. "மாமியார் வந்தாச்சு லா!" என்று குரல் கேட்டால் வேர்வையைத் துடைத்துக்கொண்டு மேடேறுவோம்.

கொடிக்காரர் நெடிய ஆள். வேலை நேரத்தில் வெற்றிலை போடமாட்டார். மெல்லுகிற சத்தம் காதுக்குள்ளேயே இரையும் என்பார். வளைவுக்கு இப்பால் ஒரு ரப்பர் மரத்து நிழலில், சுருட்டிய சிவப்புக் கொடியைக் கக்கத்தில் இடுக்கி நிற்பார். பேச்சுக் கொடுத்தால் பதில் வராது. எங்களுடையது தலைகுனிந்த வேலை. கண்ணையும் காதையும் அவரிடம் கொடுத்துவிட்டு, கைகளை மட்டும் கொண்டு வந்திருந்தோம்.

டீசல் எஞ்சின் வந்த புதிது அது. கரி எஞ்சின் என்றால் மரங்களுக்கு மேல் புகை தெரியும், தூரத்திலேயே மூச்சு வாங்கும். இது அப்படியில்லை. வளைவு திரும்பும்வரை ஒன்றுமே இல்லை. திரும்பினால் எதிரே முகம்.

அப்போதுதான் துறைமுக வேலையை விட்டு ஒருவன் எங்களிடம் வந்து சேர்ந்தான். என் வயதுக்காரன். குரல் என்றால் அப்படியொரு குரல். அவன் பாட, நாங்கள் 'ஏலேலோ' என்று இடிக்க, ஜல்லி தானாக உட்கார்ந்துகொள்ளும். எங்கள் மேஸ்திரியின் தொப்பையை மத்தளம் என்று பாடுவான். மேஸ்திரியே தாளம் போடுவார். ஒருநாள் அந்தத் தொப்பையைப் பாடிக்கொண்டே இருந்தவன், சட்டென்று குரலை மாற்றி,

"வண்டி வருது, வண்டி வருது, ஓடுங்கடா மச்சான்!"

பாய்ந்தோம். ஒருவர் கால்வாயில் உருண்டார். யாரோ எறிந்த கடப்பாரை என் கால்விரலைப் பதம் பார்த்தது. ரயில் இல்லை. பாட்டுக்காரன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். கொஞ்ச நேரத்தில் பாதிப் பேர் சேர்ந்து சிரித்தார்கள்.

கொடிக்காரர் இடத்தைவிட்டு அசையவில்லை. சாப்பாட்டு வேளையில்தான் வந்தார்.

"தம்பி, நல்ல குரல் ஒனக்கு. எத வேணும்னாலும் பாடு. என் மூஞ்சியப் பாடு, என் சம்சாரம் வைக்கிற கொழம்பப் பாடு. அந்த ஒரு சொல்ல மட்டும் எனக்கு விட்டுடு."

"சும்மா வெளையாட்டுக்குண்ணே."

"தெரியும்பா. நாளைக்கு நான் கத்துறப்பவும் இவங்களுக்கு அது வெளையாட்டாத் தெரியுமே."

மறுநாள் மரத்தடியில் ஆள் இல்லை. மேட்டின் உச்சியில், லாலான் புல்லைத் தவிர எதுவும் முளைக்காத மொட்டை வெயிலில் நின்றார்.

"ஏன்யா, நெழலு கடிக்குதா?" என்று மேஸ்திரி கத்தினார். அவர் கொடியை மறு கக்கத்துக்கு மாற்றிக்கொண்டார்.

"கோவிச்சுக்கிட்டாரு, சம்பந்தி மாதிரி," என்றான் பாட்டுக்காரன். நாங்களும் அப்படித்தான் நினைத்தோம்.

சில நாள் கழித்து, காற்று எங்களுக்குப் பின்னாலிருந்து வளைவுப் பக்கம் வீசி, அங்கிருந்து வரும் சத்தத்தை அடித்துக்கொண்டு போன ஓர் உச்சிப்பொழுதில், மேலிருந்து அந்தச் சொல் விழுந்தது.

"வண்டி!"

உடம்பு பாதி எழுந்தது. மனம், நிஜமா, என்று கேட்டது. பக்கத்தில் இருந்தவர் பாட்டுக்காரனைப் பார்த்து இளித்தார். "டேய், மறுபடியுமா?" என்று மேஸ்திரி சிரித்தார்.

பாட்டுக்காரன் முகம் வெளுத்துவிட்டது. "நான் இல்லண்ணே! நான் வாயே தொறக்கல! ஓடுங்க!"

மேலே சிவப்புத் துணி விரிந்து துடித்தது. "வண்டி! வண்டி!"

அப்புறம்தான் பாய்ந்தோம். கடப்பாரைகளை இழுத்துப் போட்டோம். மேஸ்திரி தலைகளை எண்ணிக்கொண்டார். எல்லோரும் ஓரத்தில் நின்ற பிறகும் பாதை வெறுமையாகவே கிடந்தது. எங்கள் மூச்சு மட்டும் கேட்டது. அதன் பிறகுதான் அது வளைவைத் திரும்பியது. புகையில்லாமல், கொழுத்த முகத்தோடு. காற்று நெஞ்சில் அறைந்தது. பெட்டி பெட்டியாகப் போய்க்கொண்டே இருந்தது.

ரயில் போய்விட்டது. ரப்பர் மரத்தைப் பார்த்தோம். மேட்டைப் பார்த்தோம். மரத்தடியில் நின்றால் வளைவுவரைதான் தெரியும். மேட்டிலிருந்து வளைவுக்கு அப்பாலும் தெரியும்.

அவர் தண்ணீர் குடிக்க இறங்கி வந்தார். கழுத்தில் தோல் உரிந்திருந்தது. மேஸ்திரியின் குரல் தணிந்திருந்தது. "அதுக்குத்தான் மேல ஏறி நின்னீங்களா?"

"பின்ன? நீங்க சிரிச்சு முடிக்கவும் நேரம் வேணும்ல."

கோபம் என்று நாங்கள் நினைத்தது இதுதான். எங்கள் நம்பிக்கை கொஞ்சம் தேய்ந்துபோனதை அவர் கண்டார். தேய்ந்த அளவுக்குத் தன் உடம்பை வெயிலில் நீட்டி ஈடுகட்டினார். நான் எந்த வேலையிலும் தரித்து நின்றவனில்லை. அப்படி நிற்கத் தெரிந்த ஒருவரை அருகே இருந்து பார்த்திருக்கிறேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சிராங்கூன் ரோட்டில் எல்லோரும் கூடியபோது, பாட்டுக்காரன் அகலமான ஓலைத் தொப்பி ஒன்றை நீட்டினான். கொடிக்காரர் போட்டுப் பார்த்தார். கழற்றினார்.

"காத மறைக்குது."

பாட்டுக்காரன் பூக்கடையில் கத்தரிக்கோல் இரவல் வாங்கி, தொப்பியின் இரு பக்கமும் வெட்டிக் கொடுத்தான்.

"ஆடு மேஞ்ச தொப்பிண்ணே," என்றேன்.

"பரவால்ல, கேக்குது," என்று தலையில் வைத்துக்கொண்டார்.

அந்நேரம் பின்னால் யாரோ, "வண்டி! வண்டி! வழி விடுங்க!" என்றார்கள். அரிசி மூட்டை ஏற்றிய கைவண்டி. எங்கள் கூட்டம் முழுதும் கடைவாசல் நடைபாதைக்குப் பாய்ந்தது. முதலில் பாய்ந்தவன் பாட்டுக்காரன். பூக்காரரின் கூடைக்குள் ஒரு காலோடு நின்றான். "கண்ணு தெரியலயா ஒனக்கு?" என்று பூக்காரர் சத்தம் போட, தெருவே சிரித்தது.

கொடிக்காரர் மட்டும் நகரவில்லை. வெட்டிய தொப்பியோடு ரோட்டின் நடுவே திரும்பி, வருவது என்ன என்று பார்த்துக்கொண்டு நின்றார்.