கயிற்றுக்கு இரண்டு பக்கமும் கேட்ட குரல்

அவருக்கு உட்காரத் தெரியாது என்பாள் அவர் மனைவி. சாப்பிடும்போதும் ஒரு கண் வாசலில் இருக்கும். ஆட்டோவின் கூரையில் இரண்டு ஒலிபெருக்கிக் குழாய்களைக் கட்டிக்கொண்டு ஊரைச் சுற்றுவது தொழில். கடை திறப்பு, துணிக்கடைத் தள்ளுபடி, மின்தடை, காணாமல்போன பசுமாடு, எதுவானாலும் அவர் குரலில்தான் ஊர் கேட்டது. அதனால் எல்லோருக்கும் அவர் ரேடியோக்காரர்.

அன்று விடிந்ததும் சந்தையை ஒட்டிய நான்கு தெருக்களை ராணுவம் சுற்றிவளைத்தது. எங்கோ ஒரு வீட்டில் ஆயுதம் இருப்பதாகத் தகவல். பொதுமக்களையும் பத்திரிகைக்காரர்களையும் பார்த்துக்கொள்வதற்கென்றே ஓர் அதிகாரி வந்திருந்தார். வீடுகளை விட்டு வெளியே வரும்படி கைமைக்கில் அவர் சொல்லிப் பார்த்தார். ஒரு கதவும் அசையவில்லை. தெருமுனையில் வண்டியோடு மாட்டிக்கொண்டு நின்ற ரேடியோக்காரரை அழைத்து ஒரு தாளை நீட்டினார்.

“இதை அப்படியே படிங்க. கூட்டவும் வேணாம், குறைக்கவும் வேணாம்.”

அடையாள அட்டையோடு வாருங்கள், பீரோவைப் பூட்டாதீர்கள், பள்ளி மைதானத்தில் கூடுங்கள் என்று எழுதியிருந்தது. படித்தார். ஜன்னல்கள் மட்டும் விரலளவு திறந்தன. அந்த மௌனத்தை அவரால் பொறுக்க முடியவில்லை. வாய் தானாகத் தொடர்ந்தது.

“பயப்படாதீங்க. பார்த்துட்டு விட்டுடுவாங்க. மத்தியானச் சாப்பாட்டுக்கு எல்லாரும் வீட்டுக்கு வந்துடலாம்.”

தெரு நெடுக தாழ்ப்பாள்கள் விலகின. அதிகாரி அவரை ஒரு பார்வை பார்த்தார், அவ்வளவுதான்.

மைதானத்தில் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். வெயில் ஏறியது. ராணுவ வீரர்கள் வீடு வீடாகப் போய்க்கொண்டிருந்தார்கள். மத்தியானம் வந்தது, போனது. சனங்கள் அதிகாரியைக் கேட்கவில்லை, ரேடியோக்காரரைத்தான் கேட்டார்கள்.

“என்னண்ணே, சாப்பாடு ராத்திரிக்கா?”

அவர் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். ஒருத்தி அடுப்பில் அரிசியை வைத்துவிட்டு வந்திருந்தாள். அதை மைக்கில் சொன்னார். ஒரு வீரர் அவளோடு போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்தார். ஒருவருக்கு மாத்திரை வேண்டும், அதையும் சொன்னார். குடிதண்ணீர் தீர்ந்துவிட்டது, அதையும் சொன்னார்.

குழாய்களின் சத்தம் மைதானத்தோடு நிற்கவில்லை. பெட்ரோல் பங்க் அருகே கட்டிய கயிற்றுக்குப் பின்னால் தொலைக்காட்சிக்காரர்களை நிறுத்தியிருந்தார்கள். உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாமல் தவித்துக்கொண்டிருந்தவர்களுக்கு அவர் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் செய்தியாயிற்று. அதிகாரி வேகமாக வந்தார்.

“நீங்க பேசுறது எல்லாம் டிவியில ஓடுது. தெரியுமா?”

“தண்ணி இல்லைன்னா இல்லைன்னுதானே சார் சொல்லணும்?”

“எங்கிட்ட சொல்லுங்க. ஊருக்குச் சொல்லாதீங்க.”

தலையாட்டினார். ஆனால் கொஞ்ச நேரத்தில் மீன்கடைக்காரம்மா மயங்கி விழுந்தார். கை தானாக மைக்கை எடுத்தது. “மீன்கடை அக்கா விழுந்துட்டாங்க, டாக்டர் யாராவது இருந்தா சீக்கிரம் வாங்க” என்று கத்திவிட்டார். கயிற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு நிருபர் அதைச் சுற்றிவளைப்பில் பெண் பலி என்று ஆக்கிவிட்டார். வெளியூர் போயிருந்து திரும்பிய உறவுக்காரர்கள், கடைக்காரர்கள் எல்லோரும் கயிற்றை நெட்டித் தள்ள ஆரம்பித்தார்கள். காவல் நின்றவர்களின் துப்பாக்கிகள் தோளுக்கு ஏறின.

அதிகாரி இன்னொரு தாளை நீட்டினார். செய்தி ஆதாரமற்றது என்று அதில் இருந்தது. ரேடியோக்காரர் அதை வாங்கவில்லை.

“நான் சொன்னா இப்ப யாரும் நம்ப மாட்டாங்க சார். மீன்கடை அக்காவே பேசட்டும்.”

அதிகாரி கயிற்றுப் பக்கம் ஒரு முறை பார்த்தார். “சரி, சீக்கிரம்.”

மீன்கடைக்காரம்மா அதற்குள் தண்ணீர் குடித்து, சுவரில் சாய்ந்து, தன்னைத் தொட்டுத் தூக்கிய வீரரிடம் ஊரும் பேரும் விசாரித்துக்கொண்டிருந்தார். மைக்கை வாயருகே பிடித்ததும், கயிற்றுக்கு வெளியே நின்ற மூத்த மகனை அழைத்த அந்தக் குரல் நான்கு தெருவுக்கும் கேட்டது.

“டேய் பெரியவனே, நான் சாகலடா. அங்க நின்னு இடிபடாத. கடைச் சாவி இன்னும் என் இடுப்புலதான் இருக்கு.”

மைதானம் சிரித்தது. கயிற்றுக்கு அப்பாலும் யாரோ சிரித்தார்கள். நெரிசல் மெல்லத் தளர்ந்தது. ரேடியோக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. மைக்கை அணைத்து வண்டிக்குள் வைத்தார்.

பொழுது சாயும் நேரத்தில் எல்லோரையும் விட்டார்கள், ஒருவரைத் தவிர. வயரிங் வேலை செய்யும் எலக்ட்ரீஷியன் வீட்டில் கட்டுக்கட்டாகக் கம்பியும் பேட்டரியும் கிடந்ததாம். அவனை ராணுவ வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். அவன் மனைவி கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஆட்டோவிடம் வந்தாள். அழவில்லை.

“எல்லாரும் வந்துடலாம்னு சொன்னீங்களேண்ணே. அவர் பின்கதவால போயிடலாம்னுதான் சொன்னார். நான்தான், ரேடியோ அண்ணன் சொல்றார், வாங்கன்னு கூட்டிட்டு வந்தேன்.”

அதற்குப் பிறகு அவருக்குச் சோறு இறங்கவில்லை. காலையில் தள்ளுபடி விளம்பரத்தை எடுத்தால் பாதியில் நின்றுவிடும். வண்டியைத் திருப்பிக்கொண்டு எலக்ட்ரீஷியன் மனைவியை ஏற்றி ராணுவ முகாம் வாசலுக்குப் போவார். காவலாளி நாளைக்கு வா என்பான். மறுநாளும் போவார். ஒரு தடவை அந்த அதிகாரியே வெளியே வந்தார்.

“விசாரணை நடக்குது. எப்ப முடியும்னு எனக்கே தெரியாது.”

“உயிரோட இருக்கானா சார்?”

“இருக்கான். நானே பார்த்தேன்.”

“அதை இவகிட்ட சொல்லுங்க சார். நான் சொன்னா எடுபடாது.”

அதிகாரி அவளிடம் திரும்பி, அதையே மறுபடி சொன்னார்.

மழை தொடங்கிய வாரத்தில் எலக்ட்ரீஷியனை விட்டுவிட்டார்கள். குற்றம் ஒன்றும் இல்லையாம். கன்னம் ஒட்டியிருந்தது. ரேடியோக்காரர் அவன் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக நின்றார். அவன்தான் உள்ளே கூப்பிட்டான். யாரும் வேலைக்கு அழைப்பதில்லை, எதிர்வீட்டில்கூடப் பேச்சு நின்றுவிட்டது என்றான்.

“நான் மைக்ல சொல்லட்டுமாப்பா? உன்மேல தப்பில்லன்னு நாலு தெருவுக்கும் சொல்லிடறேன்.”

“வேணாம்ணே. என் பேரு இனி குழாய்ல வரவே வேணாம்.”

அவருக்கு முகம் சுருங்கியது. வெளியே வந்தவர் வண்டியை எடுக்காமல் நடந்தார். விளம்பரம் கொடுக்கும் கடைகளுக்கு ஒவ்வொன்றாகப் போய், கல்லாவுக்கு மேல் குனிந்து, தணிந்த குரலில் கேட்டார். “நம்ம பையன்தான். வயரிங் வேலை இருந்தா சொல்லுங்க.” பாத்திரக்கடைக்காரர் பார்க்கலாம் என்றார். மருந்துக்கடைக்காரர் பேச்சை மாற்றினார். துணிக்கடைக்காரர் வெகுநேரம் யோசித்துவிட்டு, மாடியில் ஒரு மின்விசிறி ஓடவில்லை, நாளைக்கு வரச்சொல் என்றார்.

“நாளைக்கு எத்தனை மணிக்கு?”

“காலையில.”

“காலையிலன்னா கடை திறந்ததுமா, வியாபாரம் ஆரம்பிச்ச பிறகா?”

“எப்பவாவது வரச்சொல்லய்யா” என்று அவர் சிரித்தார். ரேடியோக்காரர் படியிறங்கினார். பாதித் தெரு போனவர், மறுபடி திரும்பி வந்து, “திறந்ததுமே வரச்சொல்றேன்” என்று சொல்லிவிட்டு அவன் வீட்டை நோக்கி வேகமாக நடந்தார்.