பதினெட்டு பேர் சரி, வண்டி எடு

மலையில் ஒருவர் என்னை விட்டுவிட்டு வந்தார். ஏழு மாதம் கழித்து அதற்குப் பழி வாங்கினேன். இதை எழுதும்போது கொஞ்சம் வெட்கமாக இருக்கும் என்று நினைத்தேன். இல்லை.

திருத்தணிப் பக்கத்திலிருந்து தினமும் ரயிலில் திருப்பதிக்கு வந்து, ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். ஆறு நாளும் அடுத்தவர் கையில் நரம்பைத் தேடிக் குனிந்தே கிடப்பவளுக்கு ஏழாம் நாளாவது நிமிர்ந்து நடக்க வேண்டும் போலிருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் நகரி, புத்தூர், கார்வேட்டிநகரம் பக்கத்து மலைகளில் ஏறி இறங்கும் ஒரு வாட்ஸப் குழுவில் சேர்ந்தேன். தலைவர் சித்தூர்க்காரர். ஐம்பது வயது, உடம்பெல்லாம் பை வைத்த கால்சட்டை, கழுத்தில் ஒரு விசில். எல்லோருக்கும் அவர் 'சார்'. குழுவில் எனக்கு நெருக்கமானவள் நகரியிலிருந்து வரும் ஒரு பள்ளிக்கூட டீச்சர். அவள் புளிசாதம் கொண்டுவருவாள், நான் உருளைக்கிழங்கு வறுவல். இரண்டையும் ஒரே மூடியில் கொட்டிச் சாப்பிடுவோம்.

எங்கள் வேன் தார் ரோட்டோடு நின்றுவிடும். அங்கிருந்து காட்டோரம் வரை மண் தடம். மழைத் தண்ணீர் அறுத்த பள்ளமும் உருண்டைக் கல்லுமாக இருக்கும் அதில் டிராக்டர்தான் போகும். பக்கத்து ஊர் விவசாயி ஒருவர் காலையில் டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு போய் விடுவார், சாயந்திரம் வந்து அழைத்துப்போவார். மலை ஏறுவதற்கு முன் சார் எங்கள் எதிரில் நின்று, விசில் ஊதி, விரலை நீட்டித் தலைகளை எண்ணுவார். சாயந்திரம் எல்லோரும் டிரெய்லரில் ஏறிய பிறகு மறுபடியும் எண்ணுவார். எண்ணிக்கை சரியாக இருந்தால், "வண்டி எடு."

அன்று காலை பதினெட்டு பேர். பாதி மலையில் ஒரு ஊற்றுப் பாறையில் வழுக்கி என் கணுக்கால் பிசகிக்கொண்டது. சார் தொட்டுப் பார்த்தார். "மேடம், நீங்க இங்கியே நெழல்ல உக்காந்துக்கினு இருங்க. அருவி பாத்துட்டு இப்டியேதான் எறங்குவோம், கூட்டிக்கினு போறேன்" என்றார். டீச்சர் என் தண்ணீர் பாட்டிலை நிரப்பிக் கொடுத்துவிட்டுப் போனாள்.

அவர்கள் இப்படியே இறங்கவில்லை. அருவியிலிருந்து மறுபக்கச் சரிவு சுலபம் என்று அந்த வழியாக இறங்கி டிராக்டரைப் பிடித்துவிட்டார்கள். நான் பதினொரு மணியிலிருந்து நாலு மணி வரை ஒரு செம்மரத்தடியில் உட்கார்ந்திருந்தேன். போனில் சிக்னல் இல்லை. கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை கட்டிவிட்டது. கடைசியில் ஒரு கொம்பை ஊன்றி, உட்கார்ந்தும் நகர்ந்தும் இறங்கினேன்.

அடிவாரத்தில் இரண்டு வனக் காவலர்கள் மறித்தார்கள். "எவரு நுவ்வு? ஒக்கதானிவேனா?" என்று, யார் நீ, தனியாகவா வந்தாய் என்பதைத் தெலுங்கில் கேட்டார் ஒருவர். நான் பதில் சொன்ன தெலுங்கிலேயே தமிழ் தெரிந்துவிட்டது. அந்தக் காட்டில் தமிழ் பேசிக்கொண்டு தனியாக வருபவர் யாராக இருந்தாலும் முதலில் வரும் சந்தேகம் செம்மரக் கடத்தல்தான். என் பையைத் தரையில் கொட்டச் சொன்னார்கள். காலி டிபன் டப்பா, துண்டு, சீப்பு. "இந்தச் சீப்பால எந்த மரத்த வெட்ட வந்தம்மா?" என்று இன்னொருவர் தமிழிலேயே கேட்டுச் சிரித்தார். பிறகு பாவம் பார்த்து பைக்கில் ஏற்றி ரோட்டில் விட்டார்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. சிரித்தாலும் என்னைக் கொண்டுவந்து சேர்த்தவர்கள் அவர்கள்தான்.

பஸ்ஸில் உட்கார்ந்து போனைத் திறந்தால் குழுவில் சாரின் செய்தி. 'ஒரு உறுப்பினர் யாரிடமும் சொல்லாமல் டிரெய்லரிலிருந்து நடுவழியில் இறங்கிப் போயிருக்கிறார். காலையில் பதினெட்டு, சாயந்திரம் பதினெட்டு. எண்ணித்தான் வண்டியை எடுத்தேன். ஒழுங்கு முக்கியம்.' அதன் கீழே வரிசையாகக் கட்டை விரல்கள்.

அவருக்குப் போன் செய்து, நான் மலையிலேயே கிடந்ததைச் சொன்னேன். "மேடம், எண்ணிக்க பொய் சொல்லுமா?" என்றார். பொய் சொல்வது நான்தானாம். கால் வலி பத்து நாளில் போய்விட்டது. இந்த ஒரு வார்த்தை மட்டும் போகவில்லை. ஊசி குத்தும்போது, ரயிலில் நிற்கும்போது, பல் தேய்க்கும்போதுகூட அது காதில் கேட்டது. அவர் வாயாலேயே, எல்லார் முன்னாலும், 'நான்தான் விட்டுவிட்டு வந்தேன்' என்று சொல்ல வைக்காமல் விடுவதில்லை என்று கறுவிக்கொண்டேன்.

டீச்சரும் கூப்பிட்டாள். "நீங்க முன்னாடியே ஏறிட்டீங்கன்னு நெனச்சிக்கினேங்க்கா." அவள் குரல் நிஜமாகவே கம்மியிருந்தது. சரி போ என்று விட்டுவிட்டேன். என் கோபமெல்லாம் ஒரே ஆள் மேல்தான். அதைப் பங்கு போட எனக்கு மனமில்லை.

குழுவில் திரும்பச் சேர மன்னிப்புக் கேட்க வேண்டுமென்றார் சார். கேட்டேன். 'சொல்லாமல் இறங்கியது என் தவறு' என்று என் கையாலேயே தட்டி அனுப்பினேன். பல்லைக் கடித்துக்கொண்டு அனுப்பினேன். "பரவால்ல மேடம், மனுஷன்னா தப்பு பண்றதுதான்" என்று பெரிய மனதோடு சேர்த்துக்கொண்டார். அந்தப் பெரிய மனதுக்கும் சேர்த்துத்தான் பிறகு கொடுத்தேன்.

அடுத்த நடையில் என் கண் மலையில் இல்லை, அவர் விரலில்தான் இருந்தது. காலையில் பதினைந்து பேர். சாயந்திரம் டிரெய்லரில் எங்களோடு உட்கார்ந்து எண்ணினார். பதினாறு வந்தது. "ஒண்ணு ஜாஸ்தியா கீது. கொறைஞ்சாத்தான் வம்பு, ஜாஸ்தின்னா நல்லதுதான்" என்றார். மலைச்சாமி கூட வருது சார் என்று யாரோ சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள்.

எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. காலையில் எதிரில் நின்று எண்ணும்போது தன்னை எண்ண மாட்டார். சாயந்திரம் கூட்டத்துக்குள் உட்கார்ந்து எண்ணும்போது தன் நெஞ்சில் தட்டித்தான் 'ஒண்ணு' என்றே ஆரம்பிப்பார். அன்று மலையில் கிடந்த என் இடத்தில் தன்னையே எண்ணிவிட்டு வந்திருக்கிறார் மனிதர். அடுத்த நடையிலும் பார்த்தேன். அதிலும் ஒன்று கூடுதல், அதே மலைச்சாமி, அதே சிரிப்பு.

அப்போதே எழுந்து சொல்லியிருக்கலாம். சொன்னால், 'அப்படியா மேடம், இனிமே பாத்துக்கிறேன்' என்று தூசி தட்டுவதுபோலத் தட்டிவிட்டுப் போயிருப்பார். எனக்கு அது போதாது. அவர் மூக்கு எல்லார் முன்னாலும் உடைய வேண்டும்.

அதே மலைக்கு மறுபடி போக ஏழு மாதம் ஆனது. காலையில் இருபது. இறங்கியதும் எல்லோரும் ஒரே நேரத்தில் டிரெய்லரில் முண்டியடித்து ஏறினார்கள். நான் ஷூவைக் கழற்றிக் கல்லைத் தட்டுவதுபோலப் பின்தங்கி, ஒரு புளியமரத்துக்குப் பின்னால் போய் நின்றேன். இன்றைக்கென்று பார்த்து மனிதர் சரியாக எண்ணிவிட்டால் நான்தான் கோமாளி. அல்லது டீச்சர் 'அக்கா எங்க' என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டால் எல்லாம் பாழ். அவளிடம்கூட நான் எதுவும் சொல்லியிருக்கவில்லை. வாயைத் திறந்துவிடாதே தாயே என்று மரத்தைப் பிடித்துக்கொண்டு வேண்டினேன்.

"...பதினெட்டு, பத்தொம்போது, இருவது. சரியா கீது. வண்டி எடு."

எனக்கு வந்த சந்தோஷத்தை என்னவென்று சொல்வது! டிராக்டர் ஏரிக்கரையைச் சுற்றிக்கொண்டு ஆமையாகத்தான் போகும். நான் வரப்பில் குறுக்கே ஓடி, வளைவில் தடத்தின் நடுவே போய் நின்றேன். டிராக்டர்காரர் பதறி பிரேக் அடித்தார். "ஏம்மா, நீ வண்டில இல்லியா?"

"சாரக் கேளுங்க" என்றேன்.

சார் டிரெய்லரில் எழுந்து நின்றார். "மேடம்..." என்று இழுத்தார்.

"இன்னொருவாட்டி எண்ணுங்க சார். சத்தமா எண்ணுங்க."

எண்ணினார். வேறு வழியில்லை, எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நெஞ்சில் தட்டி 'ஒண்ணு' என்று ஆரம்பித்து இருபதில் முடித்தார். கடைசி எண் அவர் வாயிலேயே தேய்ந்துபோனது.

"இருவது சரியா கீது. அப்போ நான் யாரு சார்? மலைச்சாமியா?"

யாரும் சிரிக்கவில்லை.

"காலைல உங்கள எண்ணினீங்களா?" என்றேன்.

அவர் காது சிவப்பதை நின்று பார்த்தேன். நிதானமாகவே பார்த்தேன், ஏழு மாதம் காத்திருந்தது அதற்குத்தானே. விசிலைப் பிடித்துத் திருகிக்கொண்டே, "அன்னிக்கி... ஒங்கள நான்தான் உட்டுட்டு வந்துட்டேன் மேடம். தப்பு என்து" என்றார்.

"சத்தமா."

மறுபடியும் சொன்னார். டிராக்டர்காரர் எஞ்சினையே அணைத்துவிட்டதால் எல்லோர் காதிலும் விழுந்தது. இப்போது நினைத்தாலும் இனிக்கிறது.

கெலித்துவிட்ட களிப்போடு டிரெய்லரில் ஏறினேன். காலையில் நான் உட்கார்ந்து வந்த இடத்தில், டீச்சருக்குப் பக்கத்தில், அவளுடைய பை இருந்தது. சௌகரியமாகச் சாய்த்து, மேலே துண்டை மடித்துப் போட்டு, அதன் மேல் முழங்கையை ஊன்றியிருந்தாள். என்னைப் பார்த்ததும் பையை வெடுக்கென்று எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"நீங்க முன்னாடியே ஏறிட்டீங்கன்னு நெனச்சிக்கினேங்க்கா" என்றாள்.

நான் அந்த இடத்தில் உட்கார்ந்தேன். டிராக்டர் மறுபடி கிளம்பியது. எதிரில் சார் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டிருந்தார். இரண்டு தடவையும் தப்பாகத்தான் எண்ணினார், ஆனாலும் எண்ணினார். மற்றவர்கள் முகத்தை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தேன். ஒருவரும் என் கண்ணைப் பார்க்கவில்லை.

தார் ரோடு வந்ததும் டீச்சர் டப்பாவைத் திறந்து நீட்டினாள். "கொஞ்சம் புளிசாதம் மிச்சம் கீது. துன்றீங்களாக்கா?"

வேண்டாமென்று சொல்லிவிட்டு, வேனில் ஏறாமல், வந்த பஸ்ஸில் ஏறிக்கொண்டேன். இந்தத் தடவை நிஜமாகவே யாரிடமும் சொல்லவில்லை. திருத்தணி வருகிறவரை போனைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தேன். ஒரு போனும் வரவில்லை.